ஹாத்திடிரஸ்ட் நெருக்கடிக்கால மின்னூல் சேவை: ஒரு மதிப்பீடு

2020 மார்ச் இறுதியில், பெருந்தொற்று ஊரடங்கால் பல்கலைக்கழக நூலகங்கள் மூடப்பட்டபோது, ஹாத்திடிரஸ்ட் என்னும் மின்னூலகம் தன் உறுப்பு நூலகங்களின் வாசகர்களுக்காக ஒரு தற்காலிகச் சேவையைத் தொடங்கியது. மூடப்பட்ட நூலகத்தில் ஒரு நூலின் எத்தனை அச்சுப்படிகள் உள்ளனவோ, அத்தனை பேர் மட்டுமே ஒரே நேரத்தில் அதன் மின்படியைத் திறக்க முடியும் என்ற விதி, பதிப்புரிமையை மதித்தபடியே வாசகரையும் கைவிடாத நேர்த்தியான ஏற்பாடு. இரவல் காலம் ஒரு மணி நேரமாக இருந்தது. வேறு எவரும் காத்திராவிட்டால் புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. ஆனால், பதிப்புரிமையுள்ள நூலை முழுமையாகத் தரவிறக்க வழியில்லாததால், நிலையான இணைய இணைப்பு இல்லாத மாணவருக்கு இதன் பயன் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஸ்கேன் செய்த பக்கங்களில் மங்கலானவையும் இருந்தன (ஆய்வேட்டின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர் அதைப் பெரிதுபடுத்தமாட்டார்).

இத்தகைய சேவை இருக்கிறதே என்று வாசிப்பறைகளை முற்றாகப் பூட்டிவிடலாம் என்னும் வாதத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. மின்மயமாகாத ஆவணங்களை நம்பியிருக்கும் ஆய்வாளருக்காகவும், வீட்டில் கணினியோ அமைதியான மேசையோ இல்லாதவருக்காகவும், இடைவெளிவிட்டு அமைத்த சில இருக்கைகளையேனும் முன்பதிவின் பேரில் திறந்து வைத்திருக்க வேண்டும். நூல் வழங்கும் சேவையாக இதற்கு ஐந்தில் நான்கு நட்சத்திரங்கள் தரலாம். நூலகத்துக்கு மாற்றாக என்றால் இரண்டுக்கு மேல் தருவதற்கில்லை.