ராக்ஸ்டார் பிளேபோட்: ஓசூர் ஷிப்ட்காரர்களுக்குத் தோதான படகா?

ஜாக்சன் நிறுவனத்தின் ராக்ஸ்டார், அலையில் வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைல் போட்டிக்கென்றே வடித்த குட்டை கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் படகு). இந்த வகையைத்தான் பிளேபோட் என்பார்கள். நீளம் ஏறத்தாழ 6 அடி, எடை 14, 15 கிலோ. ஊர் சுற்றவோ மீன் பிடிக்கவோ ஆகாது. நேராகப் போகச் சொன்னால் மூக்கை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆற்றில் மடங்கி விழும் அலையில் நின்று குட்டிக்கரணம் போடத்தான் இது. சிப்காட்டில் காலை 6 மணி ஷிப்டுக்குப் போய் 2 மணிக்கு வெளியே வருபவர் இருட்டுவதற்குள் பயிற்சியை முடிக்கலாம் என்றால் அதற்கு இந்த நீளமே காரணம். பின் சீட்டை மடக்கினால் பெரும்பாலான ஹேட்ச்பேக் கார்களுக்குள்ளேயே அடங்கிவிடும். கேரியர், கயிறு, இன்னொரு ஆள் எதுவும் வேண்டாம்.

வாங்கும்போது பலர் சறுக்குவது அளவில். பெரிய அளவில் மிதப்பு அதிகம். வேகமான நீரில் அது படகை நன்றாக மேலே எறியும், லூப் (முன்பக்கமாக அடிக்கும் குட்டிக்கரணம்) உயரமாக வரும். ஆனால் நம் பக்கம் வாரநாள் பயிற்சி ஏரித் தண்ணீரில்தான். அங்கே அதே மிதப்பு மூக்கை முங்கவிடாது. உங்கள் எடை இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுந்தால் சின்னதை எடுங்கள். கால் கொஞ்சம் நெருக்கும், பழகிவிடும்.

விமானத்தில் வரவழைப்பவர்கள் சரக்குக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். எடையைவிட இடம் அதிகம் அடைக்கும் சரக்குக்கு இடத்தை வைத்தே கூலி. நீளம், அகலம், உயரமாக 180, 65, 37 சென்டிமீட்டரைப் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் 72 வரும். 14 கிலோ படகுக்கு 72 கிலோ கூலி! கப்பல்தான் கட்டுப்படி.

உள்ளமைப்பு அருமை. சீட்டின் மேல் சிறு மணிகள் நிரம்பிய பை இருக்கிறது. வால்வைத் திறந்து உட்கார்ந்து, இடுப்பு பதிந்ததும் காற்றை உறிஞ்சி மூடினால் அச்சு வார்த்தது போல் இறுகிவிடும். பாதத்துக்கு முன்னால் காற்றுப்பை. அதை அளவுக்கு மீறி ஊதினால் பத்தே நிமிடத்தில் கால் மரத்துப்போகும். கவிழ்ந்தால் வெளியே வருவதும் தாமதமாகும். சீட் போல்ட்டைத் தளர்த்தி முன்பின் நகர்த்தி, படகு தண்ணீரில் சமமாக நிற்கும் இடத்தில் முடுக்குங்கள். ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் (தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் உறை) இழுப்பு வார் வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். துடுப்பு 190 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். ஹெல்மெட்டில் இஎன் 1385 (படகோட்டும் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம்) முத்திரை வேண்டும்.

ஒகேனக்கல் பரிசலுக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை. இந்தப் படகில் வித்தையே மூக்கை முங்கச் செய்வதில்தான். படகை ஒரு பக்கமாக 45 டிகிரிக்கு மேல் சாய்த்துக்கொள்ளுங்கள். துடுப்பை முன்னிருந்து இழுக்க மூக்கு எழும்பும். உடனே உடலைத் திருப்பி, அதே அலகின் (துடுப்பின் தட்டை முனை) முதுகால் இடுப்பருகிலிருந்து முன்னோக்கித் தள்ள மூக்கு இறங்கும். சாய்வு போதாவிட்டால் தட்டையான மேல்தளம் தண்ணீரில் அறைந்து, படகு வெறுமனே சுற்றும். ராக்ஸ்டாரின் நடுப்பகுதி பருமன் என்பதால் இந்தத் தவறை மன்னிக்காது. எங்களுக்கு இது குறையாகவே படவில்லை, கற்றுத்தரும் கண்டிப்பு.

போட்டியில் ஒரு ஓட்டம் 45 விநாடி. ஒரு வித்தைக்கு ஒரு பக்கம் ஒரு முறைதான் மதிப்பெண். அதனால் வலப்பக்கம் மட்டும் பழகினால் பாதி போச்சு. 45 விநாடி முயற்சி, 3 நிமிட ஓய்வு என்று எட்டு முறை செய்தால் அரை மணியில் முடியும். நைட் ஷிப்ட் முடித்த கையோடு லூப் வேண்டாம். களைத்த கை தலைக்கு மேல் போகும், தோள்மூட்டு நழுவுவது அப்போதுதான்.

இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கெலவரப்பள்ளி அணை ஓசூருக்குப் பக்கம்தான். ஆனால் பெங்களூருக் கழிவால் நுரை பொங்கும் தென்பெண்ணைத் தண்ணீரில் தலைகீழாக முங்கும் விளையாட்டு கூடாது. வேறு அணை, ஏரி எதுவானாலும் நீர்வளத்துறை அனுமதி வாங்குங்கள், மதகுப் பக்கம் போகாதீர்கள், வலை எங்கே கட்டியிருக்கிறது என்று மீனவர்களிடம் கேளுங்கள். நைலான் வலையில் துடுப்பு சிக்கினால் நிமிர முடியாது.

ஏரியில் எவ்வளவு பழகினாலும் பாயும் நீரின் நேரக்கணக்கு பிடிபடாது. அதற்குக் கோழிக்கோடு மாவட்டத்தில் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற கயாக் போட்டி விழா நடக்கும் பருவமழைக் காலத்து ஆறுகள்தான் பள்ளிக்கூடம். ஓசூரிலிருந்து மைசூர், பண்டிப்பூர் வழியே போகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச்சாலை மூடியிருப்பதைக் கணக்கில் வையுங்கள். தர்மபுரிக்காரர்களுக்குச் சேலம், கோவை, பாலக்காடு வழியில் அந்தத் தடை இல்லை. புறப்படும் முன் பாதப்பையின் காற்றை இறக்கிவிடுங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் காற்று விரிந்து தையல் பிரிந்துவிடும்.