காலை வெயிலா, வெளிச்சப் பெட்டியா?

மார்கழியிலும் கோயமுத்தூரில் பகல் சுமார் 11½ மணி நேரம். லண்டனில் எட்டுகூட இல்லை. அதனால், வெளிச்சம் குறையும் குளிர்காலத்தில் மட்டும் வந்து வாட்டும் மனச்சோர்வு நம்ம பக்கம் அரிது. அதைத் தணிக்கக் காலை வெயிலா, வெளிச்சப் பெட்டியா என்ற கேள்வி அங்கே வேலைக்குப் போன ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்குத்தான்.

வெளிச்சப் பெட்டி என்றால் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தரும் விளக்கு, புற ஊதாக் கதிரை வடிகட்டியது. எழுந்ததும் அரை மணி நேரம், பெட்டியைத் தயாரித்தவர் சொன்ன தூரத்தில் (பெரும்பாலும் ஒன்றரை அடி) வைத்து உட்கார வேண்டும். விளக்கையே முறைக்க வேண்டாம். கண் திறந்திருந்தால் போதும், காப்பி குடிக்கலாம். பலரும் சறுக்குவது தூரத்தில்தான்: தள்ளி வைத்தால் லக்ஸ் மளமளவெனக் குறைந்துவிடும். மாலையில் போட்டால் தூக்கம் கெடும். சாதாரண மேசை விளக்கு இதற்கு ஆகாது.

வெயிலுக்குச் செலவில்லை. நம்மூரில் காலை எட்டு மணிக்கு மேல் வாசலில் அரை மணி நடந்தாலே பெட்டியை மிஞ்சும் வெளிச்சம். ஜன்னலோரம் அதில் பாதிகூட வராது. லண்டன் டிசம்பரிலோ விடியவே எட்டாகிவிடும். அங்கே பெட்டிதான் கைகொடுக்கும், மதியம் வெளியே நடப்பது உபரி.

இருமுனைக் கோளாறு (மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்), விழித்திரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பெட்டியைத் தொடக்கூடாது. சோர்வு இரண்டு வாரம் தாண்டினாலோ, சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தாலோ வெளிச்சத்தை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.