பைக்கின் உயரத்தை இறக்கித் தருகிறேன் என்றார்கள்

என் எடை 43 கிலோ. என்னை ஏமாற்றிய மெக்கானிக் முதலில் பிடித்துக்கொண்டது அதைத்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீடு அரவேனுவில். கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாலை பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், 150 சிசி பைக் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் அதில் கேரட் மூட்டை ஏற்றியவர். எனக்கோ லைசென்ஸ் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சீட்டில் உட்கார்ந்தால் கால் விரல்கள் மட்டும் தரையைத் தொடும். சின்னக் குழியில் இறங்கினாலும் பின்பக்கம் என்னைத் தூக்கிப் போடும்.

பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பெயரும் இடமும் எழுதப்போவதில்லை. இந்த வித்தை அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்காது.

“ஷாக் இரண்டும் போய்விட்டது, தங்கச்சி. உங்கள் எடைக்கு இந்த வண்டியே ஆகாது. புது ஷாக் போட்டு, உயரத்தையும் இறக்கித் தருகிறேன்” என்றார். ஷாக் என்பது பின்சக்கரத்தின் இருபுறமும் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்கும் தண்டும். அந்தத் தண்டில் விரலை ஓட்டி, எண்ணெய் கசிகிறது பாருங்கள் என்று நீட்டினார். அந்த விரலில் காலையிலிருந்தே எண்ணெய் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று நாள், 5,800 ரூபாய். பில் என்று தந்தது ஒரு துண்டுச் சீட்டு. ‘ஷாக் செட், லேபர்’ என்று எழுதியிருந்தது. கடையின் முத்திரைகூட இல்லை.

வண்டியில் உட்கார்ந்ததும் பாதி பாதம் தரையில் ஊன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. பின்பக்கம் கறுப்பாகப் பளபளத்தது. அது போதுமாக இருந்தது.

மறுநாளே சந்தைக்குப் பக்கத்தில் சைட் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருக்கிறது. சாயவேண்டிய அளவுக்குச் சாயாமல் நிமிர்ந்து நின்ற வண்டி, காய்கறி வேன் ஒன்று உரசாமல் போன காற்றுக்கே மறுபக்கம் விழுந்தது. கண்ணாடியும் கிளட்ச் லீவரும் உடைந்தன. சாலையிலோ முன்பைவிட மோசம். குழியில் இறங்கினால் ‘டக்’ என்று இரும்போடு இரும்பு மோதும். ஏற்றத்தில் வளைவு எடுத்தால் முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளிப்பக்கம் ஓடும். ஒரு மாலை மூடுபனியில் ஹெட்லைட் சாலையை விட்டுவிட்டு மேலே பனியில் அடித்தது. கண்ணெதிரே வெள்ளைச் சுவர். முன்பக்கத்தைத் தொடாமல் பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் இவ்வளவும் வரும் என்று பிறகுதான் புரிந்தது.

மேட்டுப்பாளையத்தில் மாமாவுக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். சென்டர் ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி, பின்சக்கரம் தொங்கும்போது ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னார். வளையல்போல் சுற்றியது. “சுற்றவே கூடாது, அம்மணி. வெட்டியிருக்கிறார்கள்” என்றார். ஆணியால் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் என் பழைய சிவப்பு ஸ்பிரிங், அதன் துருவோடு. ஒரு சுற்றை அறுத்து எடுத்துவிட்டு, பெயிண்டு அடித்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும். எடை குறைந்தவருக்குத் தேவையானதற்கு நேர் எதிர். தண்டில் கசிவே இல்லை.

கேரட் மூட்டைக்காரர் ஷாக்கை ஐந்தாவது படியில், அதாவது அதிகபட்ச இறுக்கத்தில் வைத்திருக்கவேண்டும். ஷாக்கின் கீழே இருக்கும் பல்வளையத்தைக் கொக்கி ஸ்பானரால் திருப்பி முதல் படிக்குக் கொண்டுவந்திருந்தால் போதும். அந்த ஸ்பானர் என் வண்டியின் டூல் பையிலேயே இருந்தது. ஐந்து நிமிட வேலை. படியைக் குறைத்தால் ஸ்பிரிங் மென்மையாகிவிடாது, முன்கூட்டியே அது அமுங்கியிருக்கும் அளவுதான் குறையும். ஆனால் என்னைப் போன்றவர் உட்காரும்போது வண்டி கொஞ்சமாவது இறங்கும்.

ஸ்பிரிங் வெட்டுப்பட்டதால் வேறு ஷாக் வாங்கத்தான் வேண்டியிருந்தது. மாட்டியபின் அவர் டேப் பிடித்து அளந்தார்: சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டின் அடிவரை, பிறகு நான் ஏறி உட்கார்ந்தபோது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கம். ஐந்தாம் படியில் இறக்கம் 15 மில்லிமீட்டர். முதல் படியில் 28. சக்கரம் மொத்தமாக மேலும் கீழும் போகிற தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இறங்கினால் சரி என்றார். முதல் படியிலும் இறங்காவிட்டால் மென்மையான ஸ்பிரிங் தேடவேண்டும்; எனக்கு அது தேவைப்படவில்லை. மூட்டைக்காக ஏற்றியிருந்த டயர் காற்றையும் ஒருவர் ஓட்டும் அளவுக்குக் குறைத்தார். கால் எட்டுவதற்கு சீட்டுக் கடையில் ஸ்பாஞ்சைச் சீவிக்கொண்டேன். வண்டியின் உடம்பில் யாரும் கைவைக்கவில்லை.

பணத்தைக் கேட்க மலையேறி அந்த முதல் ஒர்க்‌ஷாப்புக்கே போனேன். அரை மணி நேரம் வாதாடியபின் 1,500 ரூபாய் கொடுத்தார். புது ஷாக்தான் போட்டேன் என்று கடைசிவரை சாதித்தார். அப்படியானால் கழற்றிய பழைய ஷாக் எங்கே என்றேன். இரும்புக் கடைக்காரர் எடுத்துப் போய்விட்டார் என்றார், கண் சிமிட்டாமல். பெயிண்டு சுரண்டிய அந்தப் பழைய ஷாக் இரண்டும் என் கைப்பையில்தான் இருந்தன.