பதினைந்து வருஷக் கார், பன்னிரண்டு வருஷ லேப்டாப், காணாமல் போன தாய்மாமன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு பில் புக், இதுதான் பிழைப்பு. மனைவியின் ஊர் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அங்கே மாமனார் வைத்துவிட்டுப் போன கொஞ்சம் காப்பிச் செடி, நிழல் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி. மாதம் இரண்டு மூன்று தடவையாவது மலை ஏறியாக வேண்டும். ஆகவே காரும் கம்ப்யூட்டரும் எனக்கு ஆசைக்கு வாங்கிய சாமான் இல்லை. இரண்டும் மண்வெட்டி மாதிரி, தினம் கையில் எடுப்பவை.

வாங்கிய மறுநாளே எழுதும் விமர்சனங்களுக்குப் பஞ்சமில்லை. அட்டைப் பெட்டியைப் பிரிப்பதையே பத்து நிமிஷம் காட்டுகிறார்கள். வருஷக்கணக்கில் புழங்கிய பிறகு அந்தப் பொருள் என்ன ஆனது என்று எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் இது.

முதலில் கார். 2011 ஜூனில் வாங்கியது. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், சின்ன வண்டி. மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர் காட்டுகிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரைவர் பக்கக் கதவின் ரப்பர் பீடிங் மூன்றாம் வருஷமே சுருங்கிவிட்டது. மழை பெய்தால் கால்மிதியில் தண்ணீர் நிற்கும். பவர் விண்டோ மோட்டார் இரண்டு தடவை போனது. ஏ.சி. குமிழ் ஒன்று ஒருநாள் உடைந்து கையோடு வந்துவிட்டது. பழைய பார்ட்ஸ் கடையில் 120 ரூபாய்க்கு வேறு ஏதோ வண்டியின் குமிழ் கிடைத்தது. மற்ற இரண்டும் கறுப்பு, இது மட்டும் சாம்பல். ஆனால் இன்ஜினை இதுவரை பிரிக்கவில்லை. கிளட்ச் பிளேட் ஒரே ஒரு தடவை, 90 ஆயிரத்தில் மாற்றினேன். மலை ஏறுகிற வண்டிக்கு அது நல்ல கணக்கு.

எங்கள் மலையைத் தெரியாதவர்களுக்கு: சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏற ஆரம்பித்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு. கோடை விழா நேரத்தில் ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று போலீஸ் பிரித்துவிடுவார்கள். ஏறுவதில் பெரிய வித்தை இல்லை, இரண்டாம் கியரில் பொறுமையாகப் போனால் எந்தச் சின்ன வண்டியும் ஏறும். வண்டியின் குணமும் ஓட்டுகிறவரின் குணமும் இறங்கும்போதுதான் தெரியும். விடுமுறை நாள் சாயங்காலம் அடிவாரத்தில் நின்று பாருங்கள், பிரேக் தீயும் வாடை வரும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் செலவு.

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு தடவை மாட்டினேன். 2017இல், மிளகு மூட்டையோடு இறங்கும்போது ஆறாவது வளைவுக்கு முன்னால் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு மூன்று தடவை மிதித்து மிதித்து, முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, மலையோரத்துச் சாக்கடைக்குள் இடது சக்கரத்தை விட்டு நிறுத்தினேன். வண்டியின் குற்றம் இல்லை. ஆறு வருஷமாக பிரேக் ஆயிலை மாற்றவே இல்லை, அவ்வளவுதான். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140லேயே கொதித்துக் குமிழி விடும். குமிழி இருந்தால் பெடலை மிதிக்கும் அழுத்தம் சக்கரம் வரை போய்ச் சேராது. இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். மலைக்கு வண்டி எடுத்து வருகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பதற்குப் பதிலாக இதைக் கேட்டுக்கொண்டு வரலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் 16லிருந்து 15க்கு வந்துவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மீதி என் இன்ஜினின் வயது என்று வைத்துக்கொள்கிறேன்.

சரி, புது வண்டிக்கு வருவோம். மச்சினன் போன வருஷம் ஒன்று வாங்கினான். டேஷ்போர்டில் டி.வி. மாதிரி திரை. நவம்பர் மழையில் ஐந்து பேராக ஏறினோம். பதினான்காவது வளைவுக்கு மேல் பனிமூட்டம். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்க, எங்கள் மூச்சிலேயே முன் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிட்டது. ஏ.சி.யைப் போட்டு காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் ஈரத்தை இழுத்து உடனே தெளியும். என் வண்டியில் அதற்கு ஒரு குமிழ். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கை அங்கே போய்விடும். அவன் வண்டியில் முதலில் பாட்டு ஓடும் பக்கத்தை மூட வேண்டும், அப்புறம் ஏ.சி. பக்கத்தைத் திறக்க வேண்டும், அதில் ஒரு சின்னப் படத்தைத் தொட வேண்டும். வண்டி குலுங்கி விரல் தள்ளிப் பட்டு, சீட்டைக் குளிர்விக்கும் பொத்தான் அழுந்தியது. எதிரே பஸ்ஸின் ஹாரன். "மாமா, துண்டு இருந்தா கண்ணாடியத் தொடைங்க மாமா" என்றான். பதினேழு லட்ச ரூபாய் வண்டியின் கண்ணாடியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டே மீதி வளைவுகளையும் ஏறினோம்.

இது என் பழைய கைப்பழக்கம் பேசுகிறது என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பே, 2026இலிருந்து இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹசார்ட் லைட் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் அல்லது நெம்புகோல் இல்லாவிட்டால் முழு மதிப்பெண் கிடைக்காது என்று சொல்லிவிட்டது.

அதே வண்டியில் எனக்குப் பொறாமை வந்த விஷயமும் உண்டு. வளைவில் பஸ்ஸுக்காக நின்று, மறுபடி எடுக்கும்போது அது பின்னால் ஒரு அங்குலம் உருளவில்லை, தானே பிடித்துக்கொள்கிறது. நான் இன்னும் ஹேண்ட் பிரேக்கும் கிளட்ச்சும் வைத்துச் சர்க்கஸ் காட்டுகிறேன். அப்புறம் திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., ஏர்பேக். 2019க்குப் பிறகு இந்த இரண்டும் இல்லாமல் புதுக் கார் விற்க முடியாது. என் வண்டியில் இரண்டுமே இல்லை. மகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது என் வண்டியில் மலைக்கு அனுப்பவில்லை, மச்சினன் வண்டியில்தான் அனுப்பினேன். கண்ணாடி வெளுத்தால் நிறுத்தித் துடைத்துக்கொள்ளட்டும்.

இப்போது கடை. மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்த எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டேன், பென் டிரைவ்தான் போக்குவரத்து. அதில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0. 2001இல் வந்த அதுதான் கடைசிப் பதிப்பு, அப்புறம் அதைச் செய்த அடோபி கம்பெனி இன்டிசைன் என்ற வேறு மென்பொருள் பக்கம் போய்விட்டது. இருபது வருஷம் முன்பு செய்த பத்திரிகையை இன்று திறந்தாலும், விட்ட இடத்தில் விட்டபடியே இருக்கும். கமா நகர்ந்திருக்காது.

ஆனால் பழசெல்லாம் நல்லது என்று சொன்னால் அது பொய். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி ராஜ்ஜியம். கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை அவரவர் இஷ்டத்துக்கு வைத்திருந்தார்கள். இங்கே அடித்ததை வேறு எழுத்துருவில் திறந்தால் கிறுக்கல்தான் வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே எண் என்று வைத்த யூனிகோட் அதை ஒழித்தது. மாறியதில் எனக்கு ஆறு மாதம் போனது. தட்டச்சு ஹையர் பாஸ் செய்த கை, 'கொ' என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கும். யூனிகோட் க-வை முதலில் வைத்து, ஒகரக் குறியைப் பின்னால் சேர்க்கிறது. மூளைக்குப் புரிந்தும் விரலுக்குப் புரியவில்லை. கடைசியில் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொண்டேன்.

மாற்றும்போது வந்த கூத்து இன்னும் தீரவில்லை. 'கௌசல்யா' என்று தேடினால் பழைய கோப்பு கிடைக்காது. ஏனென்றால் மாற்றிக் கொடுத்த கருவி ஔகாரக் குறியின் வால் பகுதியை ளகரமாக எடுத்துக்கொண்டு 'கெளசல்யா' என்று போட்டுவிட்டது. அச்சில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். 'ஸ்ரீ' இன்னும் மோசம், கோப்புக்குள் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். எங்கள் தொழிலில் ஸ்ரீ இல்லாத பத்திரிகை ஏது? இருந்தாலும் இந்த மாற்றம் வேண்டியதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். எப்போது மாறுவது என்று நான் முடிவு செய்தேன், மாறியதில் என்ன லாபம் என்றும் தெரிந்தது.

போன ஆவணியில் நடந்தது அப்படி இல்லை. மாதச் சந்தாவில் இன்டர்நெட் வழியாக ஓடும் ஒரு டிசைன் மென்பொருள். பேர் வேண்டாம். சனிக்கிழமை பெண்ணின் அப்பா வந்து புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை நான் கோப்பைத் திறந்து, மேலோட்டமாகப் பார்த்து, அச்சுக்கு அனுப்பினேன். 500 பத்திரிகை. புதன்கிழமை அவர் ஒற்றைப் பத்திரிகையோடு வந்து நின்றார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி, எம் மச்சான் பேரு எங்கப்பா?"

கடைசி வரியில் இருக்க வேண்டிய தாய்மாமன் பேரைக் காணோம். சீர் தட்டோடு முதல் ஆளாக வந்து நிற்க வேண்டிய மனிதர்! பத்திரிகையில் பேர் இல்லை என்றால் அந்தக் கல்யாணத்தில் அவர் சாப்பிடுவாரா?

பிறகு உட்கார்ந்து அளந்து பார்த்தேன். புதுப் பதிப்பில் தமிழ் எழுத்துருவின் வரி இடைவெளி அரைப் புள்ளி (அச்சில் எழுத்தை அளக்கும் பாயின்ட்) கூடியிருக்கிறது. கட்டத்துக்குள் 23 வரி. 23 அரை, பதினொன்றரைப் புள்ளி. கிட்டத்தட்ட ஒரு வரி உயரம். கட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்ட வரியை அது காட்டுவதும் இல்லை, எச்சரிப்பதும் இல்லை, விழுங்கிவிடுகிறது. புகார் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. என் காசில் 500ஐயும் மறுபடி அடித்துக் கொடுத்தேன். தாய்மாமன் பேரை ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் போட்டேன். அதற்கு மட்டும் அவர் சிரித்தார். இப்போதெல்லாம் கையெழுத்து வாங்கிய நிமிஷமே பி.டி.எஃப். ஆக்கி அதைத்தான் அச்சுக்கு அனுப்புகிறேன். அதில் எழுத்துரு உள்ளேயே உட்கார்ந்துவிடும், யாரும் நகர்த்த முடியாது.

அச்சு இயந்திரங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2013இல் வாங்கிய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் டோனர் நிரப்ப நிரப்ப ஓடுகிறது.

லேப்டாப் 2014இல் வாங்கியது. நான் அதற்குச் செய்த நல்ல காரியம், சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டதுதான். திறக்க முன்பெல்லாம் ஒரு டீ குடித்து வரலாம், இப்போது கிளாஸை எடுப்பதற்குள் தயார். ராம் 4லிருந்து 8 ஜி.பி. அடிப்பக்கம் திருகாணியைக் கழற்றினால் இரண்டையும் நாமே மாற்றலாம், அந்தக் காலத்து லேப்டாப்பில் அது ஒரு சுகம். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பத்து வருஷம் கொடுத்தார்கள், எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இந்த லேப்டாப்பில் அது கிடையாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். தமிழ்99 அதிலேயே இருக்கிறது. பில், கடிதம் எல்லாம் லிப்ரே ஆஃபீஸ். பத்திரிகை வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், 1.6 பதிப்பில் தமிழ் உயிர்மெய் ஒழுங்காக உட்காருகிறது. புதுப்பிக்கட்டுமா என்று மூலையில் ஒரு சின்னக் குறி காட்டும். கல்யாண சீசன் முடிகிற வரை நான் அதைத் தொடுவதில்லை, அதுவும் பேசாமல் காத்திருக்கிறது.

வரும் ஜூனோடு காருக்கு பதினைந்து வருஷம் முடிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், 2022 ஏப்ரலில் இருந்து அதற்கு 5,000 ரூபாய் கட்டணம். புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம். கோரிமேட்டில் மெக்கானிக்கிடம் விட்டு எல்லாம் பார்க்கச் சொன்னேன். பிரேக், சஸ்பென்ஷன், புகை எதிலும் குறையில்லை என்றான். "அண்ணே, இந்தக் கதவு பீடிங்கையாவது இந்தத் தடவ மாத்திரலாம்ணே" என்றான்.

மழை வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.