ஃபிஜி: ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகள் உடனிருந்த மென்பொருள்

உயிர் இயற்பியலில் முனைவர் பட்டத்திற்காகக் கைனசின் என்ற இயக்கப் புரதத்தை ஆய்ந்து வருகிறேன். நுண்ணோக்கியின் முன் ஒரு மணி நேரம் அமர்ந்து எடுக்கும் படங்களை அளந்து முடிக்க எனக்கு ஒரு வாரம் பிடிக்கும்; அந்த வாரம் முழுவதும் ஃபிஜி மென்பொருளில்தான் கழிகிறது. நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு இதைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பேண்ட் 1997இல் வெளியிட்ட இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளுடன், உயிரியல் ஆய்வுக்குத் தேவையான செருகுநிரல்களையும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) சேர்த்துத் தருவதே ஃபிஜி. நிறுவுவது எளிது. நுண்ணோக்கி நிறுவனங்கள் தத்தமக்கென வைத்திருக்கும் கோப்பு வடிவங்களில் பெரும்பாலானவற்றை நேரடியாகத் திறந்துவிடும்.

எனக்கு மிகவும் பயன்படுவது கைமோகிராஃப் வசதி. கைனசின் நடந்து செல்லும் புரத இழையான நுண்குழாயின் மீது ஒரு கோடு வரைந்தால், அக்கோட்டின் மீதான ஒளிச்செறிவைக் காலவரிசைப்படி அடுக்கி ஒரே படமாகத் தருகிறது. நின்றுவிட்ட மூலக்கூறு அதில் செங்குத்துக் கோடாகவும், நகரும் மூலக்கூறு சாய்கோடாகவும் தெரியும். சாய்வை அளந்தால் வேகம் கிடைத்துவிடும். ஒரு காலடிக்கு 8 நானோமீட்டர் வீதம் நடக்கும் ஒரு புரதத்தின் ஓட்டத்தை, சில நூறு படச்சட்டங்கள் கொண்ட மங்கலான காணொளியிலிருந்து ஒரே கோட்டில் முதன்முதலாகக் கண்ட இரவில் எனக்கு உறக்கமே வரவில்லை. துகள்களைத் தானாகப் பின்தொடரும் டிராக்மேட் செருகுநிரலும் நம்பகமானது. ஆயினும் புள்ளிகள் நெருங்கிக் கிடந்தால் ஒன்றின் பாதையை மற்றொன்றோடு இணைத்துவிடக்கூடும் என்பதால், பாதைகளைக் கண்ணால் சரிபார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

புதிதாக வருபவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. வெளிச்சத்தையும் வேறுபாட்டையும் சரிசெய்யும் பெட்டி, நாம் 'அப்ளை' பொத்தானை அழுத்தும்வரை திரையில் தெரிவதை மட்டுமே மாற்றும். அழுத்திவிட்டால் படப்புள்ளிகளின் மதிப்புகளே மாறிவிடும். 65,536 ஒளிப் படிநிலைகள் கொண்ட 16 பிட் படத்தை 8 பிட்டாக மாற்றும்போதும், அப்போது திரைக்கு வைத்திருக்கும் எல்லைகளைக் கொண்டே மதிப்புகள் 256 படிகளுக்குள் சுருக்கப்படுகின்றன. இரு படங்களுக்கு வெவ்வேறு எல்லைகளை வைத்து மாற்றிவிட்டு அவற்றின் ஒளிச்செறிவை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. முதலாண்டில் நான் இப்பிழையைச் செய்து, இரண்டு வார அளவீடுகளைக் கைவிட நேர்ந்தது. செய்ததைத் திரும்பப்பெறும் கட்டளையும் கடைசி ஒரு செயலுக்குத்தான் உதவும் என்பதால், மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டுமே வேலை செய்வது நல்லது.

பட்டிகள் நீளமானவை, தோற்றமும் பழையது. ஆனால் சில வாரங்களில் பழகிவிடும். மிகப் பெரிய முப்பரிமாணப் படங்களுக்குக் கணினியின் நினைவகம் போதாமல் போகலாம்.

இவற்றையெல்லாம் மீறி இதைப் பரிந்துரைக்க எனக்குள்ள முதன்மையான காரணம் மேக்ரோ பதிவு வசதி. நாம் அழுத்தும் கட்டளைகளைப் பதிவுசெய்து, மீண்டும் இயக்கத்தக்க நிரலாகத் தருகிறது. பின்னணி ஒளியை வேறு அளவில் நீக்கி எல்லாவற்றையும் மறுபடி அளக்குமாறு சென்ற மாதம் நெறியாளர் கேட்டபோது, மேக்ரோவில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி மாலையில் இயக்கிவிட்டுச் சென்றேன். காலையில் வந்து பார்த்தபோது புதிய அட்டவணை ஆயத்தமாக இருந்தது.