ஜிப்ஸிக்கு பாலி புஷ் வாங்கப் போகிறீர்களா? 11,400 ரூபாய் இழந்தவன் சொல்கிறேன், படித்துவிட்டுப் போங்கள்

புஷ் வாங்கிய ஆன்லைன் தளத்திடமிருந்து இன்று காலையில்தான் கடைசி பதில் வந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, இருந்தாலும் இப்போதே எழுதிவிடுகிறேன். இன்னொருவர் இதே வலையில் விழக்கூடாது.

என்னுடையது 1997 மாருதி ஜிப்ஸி கிங் ஜீப். கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் அதைத் தவிர வேறு வண்டி ஏறாது. நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். ஒரு ஸ்பிரிங்குக்கு இரண்டு கண்களிலும் (முனை வளையங்கள்), மேலே ஷாக்கிள் (ஸ்பிரிங்கை வண்டியோடு இணைக்கும் இரும்புத் துண்டு) சேஸில் (வண்டியின் அடிச்சட்டம்) மாட்டும் இடத்திலும் இரண்டிரண்டு பாதியாகப் புஷ் வரும். இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் இருக்கும் உருளைதான் புஷ்; ரப்பரிலும் வரும், பாலி எனப்படும் பாலியூரித்தேனிலும் வரும். மொத்தம் 24. பழைய ரப்பர் எல்லாம் வெடித்து, பள்ளத்தில் இறங்கினால் 'டக் டக்' என்று சத்தம். மேட்டுப்பாளையத்தில் எங்கள் மெக்கானிக் அண்ணன் அப்போதே சொன்னார்: "தம்பி, பட்டை வண்டிக்கு ரப்பரே போதுங்க. ஒரு சக்கரம் கல்லுல ஏறுறப்ப பட்டை முறுக்கும், ரப்பர் அதுக்குக் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். பாலி போட்டா ஸ்டியரிங் கெட்டியா இருக்கும், ஆனா அதிர்ச்சி எல்லாம் நேரா சேஸுக்குத்தான் வரும்." நான் கேட்கவில்லை. பாலி பல வருடம் உழைக்கும் என்று படித்ததையே மனதில் வைத்திருந்தேன்.

உதிரிபாகம் விற்கும் ஒரு ஆன்லைன் தளம். பெயர் எழுதவில்லை. அதில் ஒரு விற்பனையாளர் 'பாலியூரித்தேன் முழு செட், 7,800 ரூபாய், 2 வருட வாரண்டி' என்று போட்டிருந்தார். ஆர்டர் போடும் முன் போனில் பேசினேன். நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். எடுத்த எடுப்பிலேயே "அண்ணா, உங்களுது நேரோ டிராக்கா, 93-க்கு அப்புறம் வந்த வைடு டிராக்கா?" என்று கேட்டார் (இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் குறைந்ததா, கூடியதா என்று அர்த்தம்). ஷாக்கிள் மாற்றியிருக்கிறேனா, ஒரு ஸ்பிரிங்கில் எத்தனை பட்டை இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தார். வண்டியைப் பற்றித் தெரிந்தவன் கேட்கும் கேள்விகள். கடினம் எவ்வளவு என்றேன். அதை ஷோர் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடக் கூடக் கெட்டி. "ஷோர் 85 ஏ அண்ணா, கண்ணை மூடிட்டுப் போடுங்க, நானும் ஜிப்ஸிதான் வச்சிருக்கேன்" என்றார். வைஸில் (பட்டறையில் இறுக்கிப் பிடிக்கும் கருவி) வைத்து ஒரு மஞ்சள் புஷ்ஷை நசுக்கி, அது அப்படியே பழைய வடிவத்துக்குத் திரும்புவதை வீடியோ எடுத்து அனுப்பினார். அன்று ராத்திரியே பணம் கட்டினேன்.

சாம்பல் நிறப் பெட்டியில் வந்தது. மெக்கானிக் அண்ணனுக்கு வேலை நெருக்கடி, 9-ஆம் நாள்தான் மாட்டினோம். கூலி 2,200. சரியாக ஐந்தாவது வாரம், மழையில் மலைப்பாதை இறங்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. கொண்டை ஊசி வளைவில், பின்னால் பஸ். என் மகள் பக்கத்து சீட்டில் இருந்தாள். கழற்றிப் பார்த்தால் ஆறு புஷ்களின் விளிம்பு உடைந்து விழுந்திருக்கிறது. இரும்போடு இரும்பு உரசி ஷாக்கிள் பின் இரண்டு தேய்ந்து போயிருந்தன. அதற்கு 1,400. ஆக 7,800, 2,200, 1,400. மொத்தம் 11,400 ரூபாய்.

கோவையில் ரப்பர் மோல்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் மிச்சத்தைக் காட்டினேன். கருவி வைத்துக் கடினத்தை அளந்தார். ஒரே செட்டில் ஒன்று 78, இன்னொன்று 96. பிளேடால் அறுத்துப் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழிகள். "இது சரியா வார்த்ததே இல்லீங்க" என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. விற்பனையாளர் முதலில் "கிரீஸ் தப்பாப் போட்டிருப்பீங்க" என்றார். அவர் பெட்டியில் வைத்த சிலிக்கான் கிரீஸையே போட்டோம் என்றேன். "நட்டை ஓவரா டைட் வச்சிருப்பாங்க" என்றார். பிறகு, அங்கீகரிக்கப்பட்ட கராஜில் மாட்டினால்தான் வாரண்டி என்று ஒரு புது விதி. அந்தக் கராஜ் எது என்று கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். தளத்தின் ஆட்களோ, டெலிவரி ஆகி 7 நாள் தாண்டிவிட்டது, நாங்கள் வெறும் இடைத்தரகர் என்றார்கள். 2020 இ-காமர்ஸ் விதிப்படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஒப்புகை பதினோராம் நாள் வந்தது. இன்று காலை வந்த பதில் ஒரே வரி: 'உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.' என் 11,400 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன்.

ரப்பரா பாலியா என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் அதில் நிற்கவில்லை. சிலதை மட்டும் சொல்கிறேன். நிறத்தைப் பார்த்து நம்பாதீர்கள், சாயம் எதில் வேண்டுமானாலும் கலக்கலாம். மழைப் பிரதேசமாக இருந்தால் பாலியெஸ்டர் வகையா, பாலியீதர் வகையா என்று கேளுங்கள். பாலியெஸ்டர் வகை ஈரத்தில் நாளடைவில் சிதையும். விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். பெட்டி வந்த அன்றே ஒன்றை நகத்தால் அழுத்திப் பாருங்கள், மற்றதோடு ஒப்பிடுங்கள், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் மாட்டுங்கள். வாரண்டி நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்.

ரப்பர் புஷ் 24-ம் உள்ளூர்க் கடையில் சொல்லியாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை வரும். அதுவரை வண்டி ஜாக்கியில்தான் நிற்கிறது. சாம்பல் நிறப் பெட்டியில் மஞ்சள் புஷ் வேறு யாராவது வாங்கியிருந்தால் தயவுசெய்து இன்றே ஒரு சக்கரத்தைக் கழற்றி புஷ்ஷின் விளிம்பைப் பாருங்கள்.