ஓடுபாதையருகே ஏஐ விமானங்கள்: 12 ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

கணினியில் விமானம் ஓட்டும் அனுபவத்தைத் தரும் விமான சிமுலேட்டரில், கணினி தானே இயக்கும் ஏஐ விமானங்களை அவற்றின் வண்ணப்பூச்சையோ இறக்கையின் நுணுக்கத்தையோ வைத்து மதிப்பிடுவதை நான் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. தரையிறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு எத்தனை நொடிகளில் விலகுகிறது என்பதைத்தான் இப்போது முதலில் பார்க்கிறேன். அது சரியாக அமைந்துவிட்டால் மற்றவற்றில் பெரும்பகுதி தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். அது தவறினால், எவ்வளவு அழகாக வடிவமைத்த விமான நிலையமும் அரை மணி நேரத்தில் நெரிசலில் திணறும். மூன்று வெவ்வேறு சிமுலேட்டர்களை 12 ஆண்டுகளாக, வாரத்தில் நான்கைந்து மாலைகள் பயன்படுத்திய பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது.

காரணம் எளிய கணக்குதான். ஒரு ஜெட் விமானம் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில், ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கும் இறுதி அணுகலில் வருகிறது என்று கொள்வோம். முன்னே செல்லும் விமானத்துக்கும் அதற்கும் 3 கடல் மைல் இடைவெளி இருந்தால், முன்னது தரையைத் தொட்ட 77 நொடிகளில் பின்னது ஓடுபாதையின் தலைப்பில், அதாவது அதன் தொடக்க விளிம்பில், இருக்கும். அதற்குள் முன்னது வெளியேறியிருக்க வேண்டும். உண்மையான விமானி தனக்குப் பொருத்தமான வெளியேறு பாதையை இறங்குவதற்கு முன்பே மனத்தில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப பிரேக்கை அழுத்துகிறார். பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதையிலிருந்து ஏறத்தாழ 30 பாகையில் சாய்வாகப் பிரியும் விரைவு வெளியேறு பாதைகள் இதற்காகவே அமைக்கப்படுகின்றன. ஈரமான தரையிலும் மணிக்கு 93 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பக்கூடிய வகையில் அவற்றின் வளைவு வரையப்படுகிறது.

நான் பயன்படுத்திய முதல் சிமுலேட்டரின் ஏஐ விமானங்கள் இந்தப் பாதைகளைக் கண்டுகொள்ளவே இல்லை. அவை தரையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, 15 நாட் அளவுக்கு இறங்கிய பிறகுதான் எந்த வழியாக வெளியேறுவது என்று தேடத் தொடங்கும். அந்த நேரத்தில் நல்ல வெளியேறு பாதை சற்றுப் பின்னால் தங்கிவிட்டிருந்தால், அடுத்ததை நோக்கி அதே 15 நாட் வேகத்தில் ஊர்ந்து செல்லும். இடையில் 1,000 மீட்டர் தூரம் இருந்தால் அதைக் கடக்க 130 நொடிகள் பிடிக்கும். 77 நொடியில் வந்து சேரும் விமானம் வேறு வழியின்றி மேலெழும்பிச் சுற்றி வர வேண்டியதாகிறது. தொடக்கத்தில் இதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பிழை என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். கோபுரம் தன் பணியைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. ஓடுபாதையில் ஒரு விமானம் இருக்கும்போது இன்னொன்றை இறங்க விடக்கூடாது என்ற ஒரே விதியை அது பிசகாமல் கடைப்பிடித்தது.

ஏஐ விமானத்துக்கு விமான நிலையம் என்பது நாம் காணும் தார்ச் சாலையோ வண்ணக் கோடோ அல்ல. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட ஒரு வலைதான் அதன் உலகம். எந்தப் புள்ளி நிறுத்துமிடம், எது ஓடுபாதைக்கு முன் நிற்க வேண்டிய இடம், எந்தக் கோடு ஓடுபாதையின் பகுதி என்பதெல்லாம் அந்த வலையில் எழுதப்பட்டிருக்கின்றன. இது புரிந்த பிறகுதான் எனக்கு உண்மையான முன்னேற்றம் கிடைத்தது. விமான நிலைய வரைவுக் கோப்பைத் திருத்தும் மென்பொருளில் நான் அடிக்கடி பறக்கும் நிலையம் ஒன்றைத் திறந்து பார்த்தபோது, ஓடுபாதைக்கு முன் நிற்க வேண்டிய நிறுத்தப் புள்ளிகள் அதன் நடுக்கோட்டிலிருந்து 150 மீட்டருக்கு அப்பால் வைக்கப்பட்டிருந்தன. கருவிகளின் வழிகாட்டலில் இறங்கும் துல்லியக் கருவி அணுகல் உள்ள பெரிய ஓடுபாதைகளுக்கு, முதல் வகை அணுகலுக்கான பன்னாட்டு விதி அந்தத் தொலைவை 90 மீட்டர் என்று வகுத்திருக்கிறது. இறங்கிய விமானம் அந்தப் புள்ளியைத் தாண்டும் வரை ஓடுபாதையில் இருப்பதாகவே கணினி கருதியதால், அது கண்ணுக்கு முன்னால் தெளிவாக விலகி நின்ற பிறகும் பின்னால் வந்தவை வீணாகத் திருப்பி அனுப்பப்பட்டன. புள்ளிகளை 90 மீட்டருக்கு நகர்த்தி, விலகும் கோடுகளின் கோணத்தையும் சரிசெய்த அன்று மாலை, முதன்முறையாக ஆறு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடையின்றி இறங்குவதை நகராமல் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மகிழ்ச்சி, என் கையால் ஒரு கடினமான தரையிறக்கத்தை முடித்தபோதுகூடக் கிடைத்ததில்லை.

இதன்பிறகும் தீராமல் எஞ்சியிருப்பது வேகக் கட்டுப்பாடு. உண்மையான வான்போக்குவரத்தில் கட்டுப்பாட்டாளர் பல மைல்களுக்கு முன்பே ஒவ்வொரு விமானத்துக்கும் வேகத்தைச் சொல்லி இடைவெளியைச் செதுக்குகிறார். ஏஐ விமானங்களோ தம் வகைக்கென்று எழுதப்பட்ட வேகத்தில் வருகின்றன. ஒரு சிறிய ஒற்றை என்ஜின் விமானம் 70 நாட் வேகத்தில், தலைப்பிலிருந்து 5 கடல் மைல் தொலைவில் வருகிறது என்று வையுங்கள். அது தரைதொட நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். அதே நேரத்தில் 140 நாட் வேகத்தில் வரும் ஜெட் 10 கடல் மைலைக் கடந்துவிடும். அதாவது, தொடக்கத்தில் 5 மைல் பின்னால் இருந்த ஜெட், தலைப்பில் சிறிய விமானத்தின் மேலேயே வந்து நிற்கும். மனிதக் கட்டுப்பாட்டாளர் இதை முன்கூட்டியே கண்டு ஒன்றைத் திருப்பிவிடுவார். ஏஐயோ கடைசிக் கட்டத்தில் ஓடுபாதை காலியா என்று பார்க்கிறது. காலி என்றால் இறங்குகிறது, இல்லையென்றால் மேலெழுகிறது. இடைப்பட்ட முடிவு எதுவும் அதற்குத் தெரியாது. மேலெழுந்த விமானம் சுற்றி வந்து வரிசையில் மீண்டும் நுழையும்போது வேறொன்றின் இடைவெளியைக் கெடுக்கிறது, அது மேலெழுகிறது, இப்படியே ஒன்று பத்தாகிறது. சிறிய விமானங்களையும் ஜெட்களையும் ஒரே ஓடுபாதையில் கலக்கும், சிமுலேட்டரில் சேர்க்கும் ஏஐ போக்குவரத்துத் தொகுப்புகளை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் நீக்கிவிட்டேன். சிறிய விமானங்களுக்கு இன்னொரு ஓடுபாதை உள்ள நிலையங்களில் மட்டும் அவற்றை விட்டுவைத்திருக்கிறேன்.

புறப்பாடுகளைப் பற்றி என் கருத்து வேறு. முதல் சிமுலேட்டரில் ஏஐ விமானங்கள் அளவுக்கு மீறிய பொறுமை காட்டின. தொலைவில் ஒரு விமானம் இறங்க வருவது தெரிந்தாலே நிறுத்தக் கோட்டில் அசையாமல் நிற்கும். அதன் பின்னால் எட்டு, பத்து விமானங்கள் வரிசைகட்டும். அந்த வரிசையின் கடைசியில் நான் என்ஜினை இயக்கியபடி எரிபொருளைக் கரைத்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது சிமுலேட்டரில் இதற்கு நேர்மாறான குறை. நான் தலைப்பிலிருந்து ஒன்றரை மைலில், ஏறக்குறைய 480 அடி உயரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்து, நடுக்கோட்டில் மெதுவாகத் தன்னை நேராக்கிக்கொண்டு, அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு இறங்க அனுமதி தந்திருந்த கோபுரமும் மௌனம் காத்தது. மேலெழும்பிவிட்டேன். அதே நிகழ்வு அந்த வாரத்தில் மேலும் இருமுறை நடந்தது. என்னுடைய விமானத்தை அந்த வடிவமைப்பு தன் வரிசையில் ஓர் உறுப்பாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதே நான் கண்ட விளக்கம். ஏனெனில் ஏஐ விமானங்கள் ஒன்றுக்கொன்று இப்படிக் குறுக்கிடுவதை நான் மிக அரிதாகவே பார்த்தேன்.

இதைச் சிறு எரிச்சலாக என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில், புறப்படுவதற்காக ஓடுபாதையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு சிறிய பயணிகள் விமானத்தின் மீது, இறங்க அனுமதி பெற்றிருந்த ஒரு போயிங் 737 மோதியது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவற்படை விமானத்தின் மீது இறங்கிய ஏர்பஸ் ஏ350 மோதியது. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர், காவற்படை விமானத்தின் ஆறு பேரில் ஐவர் இறந்தனர். இரண்டிலும், நின்றிருந்த விமானத்தை இறங்கியவர்களால் உரிய நேரத்தில் காண முடியவில்லை. சிமுலேட்டரில் கற்கும் ஒருவர் இறுதி அணுகலின் கடைசி மைலில் ஓடுபாதையை உற்றுப் பார்க்கும் பழக்கத்தைப் பெறுகிறாரா, அல்லது கருவிகளில் கண்ணைப் பதித்தே இறங்குகிறாரா என்பதில் இந்த ஏஐ விமானங்களுக்குப் பங்கு உண்டு. அவற்றின் மீது மோதினாலும் ஒன்றும் ஆகாதபடி ஊடுருவிச் செல்லும் அமைப்பைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன். மோதினால் பயணம் முடிந்தது என்பதால்தான் கண் தானாகவே ஓடுபாதைக்குச் செல்கிறது.

பறக்கும் விமானம் தன் பின்னால் விட்டுச்செல்லும், வேக் டர்புலன்ஸ் எனப்படும் சுழல்காற்று விஷயத்தில் மூன்று சிமுலேட்டர்களுமே என்னை ஏமாற்றின. கனரக வகை விமானத்தின் பின்னால் மற்றொரு கனரக விமானம் 4 கடல் மைலும், நடுத்தர விமானம் 5 மைலும், இலகுரக விமானம் 6 மைலும் தள்ளி வர வேண்டும் என்பது பன்னாட்டளவில் நெடுங்காலமாக நிலவும் பகுப்பு. ஒரே ஓடுபாதையில் கனரக விமானத்தின் பின்னே நடுத்தர விமானமோ இலகுரக விமானமோ புறப்பட 2 நிமிட இடைவெளி வேண்டும். என் ஏஐ விமானங்கள் எடையைப் பார்ப்பதே இல்லை. கனரக வகையான ஒரு போயிங் 747 எழும்பி முடிப்பதற்குள் ஒரு சிறிய டர்போபிராப் (சுழல்விசிறி) விமானம் தன் ஓட்டத்தைத் தொடங்கிவிடும். அதற்கு எந்தத் தீங்கும் நேராது. நேரக்கூடிய வகையில் காற்றே அங்கே உருவாக்கப்படவில்லை.

காற்றின் திசை மாறும்போது நிகழ்வதையும் சொல்ல வேண்டும். ஓடுபாதையின் எந்த முனை பயன்பாட்டில் இருக்கிறது என்பதை ஏஐ விமானங்கள் காற்றை வைத்தே தீர்மானிக்கின்றன. உண்மையில் முனை மாற்றம் என்பது பல நிமிட முன்னேற்பாட்டோடு, வந்துகொண்டிருப்பவற்றை முடித்துவைத்து, புறப்படுபவற்றை மறுமுனைக்கு அனுப்பிச் செய்யப்படுவது. சிமுலேட்டரில் அது ஒரே நொடியில் நிகழ்கிறது. வரிசையில் நின்ற விமானங்கள் இருந்த இடத்திலேயே திரும்பத் தொடங்கும். ஒற்றை இணைப்புப் பாதை மட்டுமே உள்ள நிலையத்தில் அவை மூக்கோடு மூக்கு வைத்து நின்றுவிடும். ஒருமுறை அப்படி நின்ற நான்கு விமானங்களை நான் ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தேன். எதுவும் பின்வாங்கவில்லை. நிறுத்துமிடம் கிடைக்காத விமானங்கள் ஓடுபாதையை விட்டு விலகியதும் திடீரென மறைந்துபோவதை ஒரு காலத்தில் பெருங்குறையாக எண்ணினேன்; இந்தக் கட்டிப்போட்ட நிலையைப் பார்த்த பிறகு, மறைவதே மேல் என்று தோன்றியது.

உண்மை விமானங்களின் இருப்பிடத்தை இணையம் வழியாகப் பெற்றுக் காட்டும் நேரடிப் போக்குவரத்தை இரண்டு ஆண்டுகள் முழுமையாகப் பயன்படுத்தினேன். நடுவானில் அது ஈடிணையற்றது. ஓடுபாதையருகே கதை மாறுகிறது. விமானம் தாழ இறங்க இறங்க, அதன் சமிக்ஞையை வாங்கும் தரையிலுள்ள ஏற்பிகளின் நேர்ப்பார்வையிலிருந்து அது விலகுவதால் தரவு விட்டுவிட்டு வருகிறது. கடைசிச் சில நூறு அடிகளில் மென்பொருள் தானாக ஊகித்து ஓட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கைமாற்றம் நிகழும் இடத்தில் விமானம் ஒரு கணம் தயங்குவதையோ, ஓடுபாதைக்குச் சற்று மேலே மிதப்பதையோ அடிக்கடி கண்டேன். மேலும், சிமுலேட்டரின் வானிலை சில நிமிடங்கள் பின்தங்கியிருந்தாலே என்னை ஒரு முனைக்கும் உண்மை விமானங்களை எதிர்முனைக்கும் அனுப்பிவிடும். நேருக்கு நேர் வரும் விளக்குகளை இரவில் ஓடுபாதையின் நடுக்கோட்டில் பார்ப்பது, சிமுலேட்டரிலும்கூட, உடலை உலுக்குகிறது.

இப்போது நான் நேரடிப் போக்குவரத்தைக் கடல் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தரையிறக்கப் பயிற்சிக்கு நேர அட்டவணைப்படி இயங்கும் ஏஐ விமானங்களையே பயன்படுத்துகிறேன். ஏஐ விமானங்களின் அடர்த்தியை 40 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதில்லை. புதிய விமான நிலையம் ஒன்றை நிறுவினால், அதில் பறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் கோபுரத்தின் மேலிருந்து பார்க்கும் காட்சியில் விட்டுவிட்டு, எந்த விமானம் எந்தப் பாதையில் விலகுகிறது, எது மேலெழுகிறது என்று குறித்துக்கொள்கிறேன். இரண்டுக்கு மேல் மேலெழுந்தால் வரைவுக் கோப்பைத் திறந்து, முதலில் நிறுத்தப் புள்ளிகளின் தொலைவை அளக்கிறேன். அது சரியாக இருந்தால் வெளியேறு பாதைகளின் இணைப்பைப் பார்க்கிறேன். சென்ற வாரம் நிறுவிய நிலையத்தில் கிழக்கு முனையின் கடைசி இணைப்பு ஓடுபாதையைத் தொடாமல் இரண்டு மீட்டர் முன்பே முடிந்திருந்தது. அந்தக் கோட்டை இழுத்து இணைத்த பிறகு, அவ்வழியே முதலில் விலகிய விமானம் தரைதொட்டதிலிருந்து 58 நொடிகளில் வெளியே இருந்தது.